பழைய எம்ஜிபி-க்குப் புது ஸ்டீரியோவா? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

1962-இல் வந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டீரியோ மாட்டும் முன், இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இருக்கும் பேட்டரியை எட்டிப் பாருங்கள். 1967 வரை வந்த வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய ஸ்டீரியோக்கள் இதற்கு நேர்மாறு. ஸ்டீரியோவின் உலோகக் கூடு வண்டியின் தகட்டில் பட்டாலே ஷார்ட் ஆகிவிடும். வண்டியை முன்பு வைத்திருந்தவர் யாராவது இந்த இணைப்பை மாற்றியும் இருக்கலாம். அதனால் வருடத்தை நம்பாமல் மல்டிமீட்டர் (மின் அளவுக் கருவி) வைத்துப் பார்ப்பதே சரி.

அப்புறம், டாஷ்போர்டை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். அந்த அழகு திரும்ப வராது. ப்ளூடூத் உள்ள சின்ன ஆம்ப்ளிஃபையரை இருக்கைக்குப் பின்னால் மறைத்து வைத்தால் போதும், போனிலிருந்தே பாட்டு வரும். பேட்டரி பக்கத்திலேயே அதற்கு ஒரு ஃபியூஸ் போடுங்கள்.

கதவில் ஸ்பீக்கர் வைப்பதானால், கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு ஆழத்தை அளங்கள். ஸ்பீக்கரின் காந்தம் கண்ணாடியில் இடிக்கக் கூடாது.

ஆரம்பகால வண்டிகளின் டைனமோ தருவது 22 ஆம்பியர்தான். ஹெட்லைட்டும் வைப்பரும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. பெரிய சப்வூஃபர் வேண்டாம்.