விலகியவர்களைத் தேடிப் போனபோது

வாசிப்புப் பயிற்சி பெற்ற மாணவர்களின் வாசிப்புத் திறனை மூன்று கட்டங்களாக அளந்த என் ஆய்வில், இரண்டாம் கட்டத்திலேயே பலர் விலகிவிட்டார்கள். எஞ்சியவர்களின் சராசரி உயர்ந்திருந்ததைக் கண்டு முதலில் மகிழ்ந்தேன். விலகியவர்களின் தொடக்க மதிப்பெண்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோதுதான், பின்தங்கிய மாணவர்களே அதிகம் போயிருக்கிறார்கள் என்பதும், அந்த உயர்வு முழுவதும் பயிற்சியால் வந்ததல்ல என்பதும் புரிந்தது. விடுபட்ட தரவுகளை, அவை விடுபட்ட விதத்தைக் கொண்டு புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976இல் வகைப்படுத்தியதன் அருமையை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

தேடிச் சென்ற வீடொன்றில் ஒரு தாய், "வீடு மாறினோம், நம்பரும் மாறிப்போச்சு, யாரும் எங்களைத் தேடலையே" என்றார். அதன்பின் ஒவ்வொருவரிடமும் ஒப்புதலுடன் உறவினர் ஒருவரின் எண்ணையும் வாங்கி வைத்தேன். நீண்ட வினாத்தாளையும் சுருக்கினேன். அப்படியும் வராதவர்களுக்கு ஈடாக, அவர்களை ஒத்த தொடக்க மதிப்பெண் பெற்று எஞ்சியிருந்தோருக்குக் கூடுதல் எடையளித்துக் கணக்கிட்டு, எடையளிக்காத முடிவையும் எடையளித்த முடிவையும் அறிக்கையில் அருகருகே வைத்தேன்.