நகரக் குடிநீர்ச் சேமிப்புத் திட்டம்: இரவு 3 மணியிலிருந்து தொடங்குங்கள்

குடிநீர் வாரியத்தில் சேமிப்புத் திட்டம் போடும் பொறுப்பு வந்ததும் பலர் முதலில் அச்சடிப்பது, தண்ணீரை வீணாக்காதீர்கள் என்ற சுவரொட்டியைத்தான். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நம் குழாய் மண்ணுக்குள் ஒழுகிக்கொண்டிருக்கும்போது, வீட்டுக்காரரிடம் மட்டும் சிக்கனம் கேட்பது நியாயமில்லை.

படி 1: வரவு செலவு

ஓராண்டில் நகருக்குள் அனுப்பிய நீரிலிருந்து பில் போட்ட நீரைக் கழியுங்கள். மிச்சத்தில் கசிவு எவ்வளவு, பழைய மீட்டர் குறைத்துக் காட்டியதும் திருட்டு இணைப்பும் எவ்வளவு என்று பிரியுங்கள். பின்னதைச் சரிசெய்தால் முக்கியமாக வருமானம்தான் கூடும். கசிவை அடைத்தால்தான் நீர் மிஞ்சும். சுத்திகரிப்பு நிலைய மீட்டரை முதலிலேயே சரிபாருங்கள். அது பிசகினால் கணக்கு முழுவதும் பிசகும்.

படி 2: இரவு ஓட்டம்

ஆயிரம் இணைப்புகள் கொண்ட ஒரு பகுதியை வால்வுகளை மூடித் தனியாக்கி, உள்ளே வரும் குழாயில் ஒரு மீட்டர் வையுங்கள். இரவு 2 முதல் 4 மணி வரை ஊர் தூங்கும். அப்போது ஓடுவதில் பெரும்பங்கு கசிவுதான். உதாரணமாக, மணிக்கு 9,000 லிட்டர் ஓடுகிறது, வீடுகளின் இரவுத் தேவை 2,000 என்று வைத்துக்கொள்வோம். 7,000 லிட்டர் எங்கோ போகிறது. ஒன்று கவனியுங்கள்: மாடித் தொட்டிகள் இரவில் நிரம்பும் ஊரிலும், விட்டு விட்டு நீர் வரும் ஊரிலும் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும்.

படி 3: கசிவின் வயது

நிமிடத்துக்கு 6 லிட்டர் கசியும் சின்ன ஓட்டையை 180 நாள் யாரும் பார்க்காவிட்டால் 15 லட்சம் லிட்டருக்கு மேல் போய்விடும். நொடிக்கு 10 லிட்டர் பீய்ச்சும் பெரிய உடைப்பை ஒரே நாளில் அடைத்தால் போவது 8,64,000 லிட்டர். ஆகவே தெருவில் தெரியாத கசிவைத் தேடிப் போகும் குழுவுக்குத் திட்டத்தில் ஆளும் நேரமும் ஒதுக்குங்கள்.

படி 4: அழுத்தம்

அழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் கசிவும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். பிளாஸ்டிக் குழாயில் விரிசலே சுருங்குவதால் இன்னும் அதிகமாகக் குறையலாம். மேட்டு வீடுகளுக்கு நீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே படிப்படியாக இறக்குங்கள்.

படி 5: அப்புறம்தான் மக்கள்

அதிகம் எடுக்கும் நூறு இணைப்புகளிலிருந்து ஆரம்பியுங்கள். வீடுகளில் பழைய கழிப்பறைத் தொட்டியை 6 லிட்டர் தொட்டியாக மாற்ற உதவுங்கள். வறட்சிக்கான கட்டுப்பாடுகளை நீர் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். 2018இல் கேப் டவுன் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்ற வரம்பு வரை இறங்க வேண்டியிருந்தது. ஏரி எந்த மட்டத்துக்கு வந்தால் எந்தக் கட்டுப்பாடு, அதை யார் அறிவிப்பது என்பது வரை எழுத்தில் இருக்கட்டும்.