விசுவாசத்துக்குத் தராசு வேண்டாம்: ஜெபத்தில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வருவார். எடை போடுவதற்கு முன் மின்விசிறியை நிறுத்திவிடுவார். எலக்ட்ரானிக் தராசுதான் என்றாலும், காற்றுப் பட்டால் எண் ஆடும், கணக்குப் பிசகும் என்பார். அவருடைய மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று மருத்துவர் சொன்ன வாரம், கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "அண்ணா, ஜெபம் பண்ணுகிறேன். ஆனால் என் விசுவாசம் பத்துமா?"

ஜெபத்தைப் பற்றி நம் சபைகளில் புழங்கும் தவறுகளில் பாதி, அந்தப் "பத்துமா"வில் இருக்கிறது. விசுவாசம் என்பது எடை போடும் சரக்கு, இத்தனை கிராம் சேர்ந்தால் இன்ன பதில் வரும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சீஷர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணும் என்று லூக்கா 17-ல் கேட்கிறார்கள். இயேசு கூட்டிக் கொடுக்கவில்லை. கடுகுவிதையளவு இருந்தாலே போதும் என்று சொல்லி, அளவுப் பேச்சையே மூடிவிட்டார். அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் கடுகை யாராவது எண்ணிப் போட்டுத் தாளிக்கிறார்களா?

மாற்கு 9-ல் ஒரு தகப்பன் வருகிறான். பிள்ளைக்குத் தீராத வலிப்பு, சீஷர்களாலும் முடியவில்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்துகிறான். முதல் பாதியும் உண்மை, இரண்டாம் பாதியும் உண்மை. அவன் கையில் இருந்தது ஒரு கலப்படம்தான். பிள்ளை குணமானான்.

அப்போஸ்தலர் 12-ம் அதிகாரத்தை நம் முழு இரவு ஜெபங்களில் வாசிப்பார்கள், ஆனால் அதிலுள்ள வேடிக்கையான இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். ஏரோது பேதுருவைச் சிறையில் போட்டு, நான்கு நான்கு பேராக 16 சேவகரைக் காவல் வைத்திருக்கிறான். மாற்கு என்னும் யோவானுடைய தாய் மரியாளின் வீட்டில் பலர் கூடி ஊக்கமாக ஜெபிக்கிறார்கள். தூதன் வந்து பேதுருவை வெளியே கொண்டுவருகிறான். பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து, உள்ளே ஓடிச் சொல்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன சொன்னார்கள்? "நீ பிதற்றுகிறாய்." அவள் சாதிக்கவே, அது அவருடைய தூதனாயிருக்கலாம் என்றார்கள். கேட்ட பதில் தெருவில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே விவாதம் நடக்கிறது! அந்த அறையில் இருந்த மொத்த விசுவாசத்தையும் தராசில் வைத்திருந்தால் என்ன தேறியிருக்கும்?

அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் இன்னொரு யோவானான அப்போஸ்தலனுடைய சகோதரனாகிய யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொலை செய்கிறான். அதே சபை, அதே ராஜா. ஒருவர் மாண்டார், ஒருவர் தப்பினார். ஏன் என்று வேதம் ஒரு வரிகூட விளக்கவில்லை. வேதமே வாயை மூடிக்கொள்ளும் இடத்தில், துக்க வீட்டில் உட்கார்ந்து நாம் விளக்கம் சொல்லக் கிளம்புகிறோம்.

இதுதான் எல்லாவற்றிலும் கொடிய தவறு. என் அக்காவின் கணவர் மூன்று வருடம் டயாலிசிஸ் செய்துகொண்டார், பிறகு இறந்துபோனார். மூன்றாம் நாள், ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், "இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு ஜெபித்திருக்கலாம் அம்மா" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துக் கிளம்பினார். அதற்குப் பிறகு ஒரு வருடம் அக்கா வாய்விட்டு ஜெபிக்கவில்லை. ஒருநாள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நான் நம்பாததால்தான் அவர் போனாரா, தம்பி?" என்று கேட்டாள். வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது இருவருக்கும்.

அப்படிச் சொல்கிறவர்கள் கையில் எடுப்பது யாக்கோபு 5:15: "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்." அதற்கு முந்தைய வசனத்தை வாசியுங்கள். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக, அவர்கள் எண்ணெய் பூசி ஜெபம்பண்ணக்கடவர்கள் என்கிறது. ஜெபிக்கிறவர்கள் மூப்பர்கள். குறைவு என்று யாரையாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால், முதலில் மூப்பர்களைத்தான் சொல்ல வேண்டும். இதுவரை எந்தத் துக்க வீட்டிலும் ஒரு மூப்பர் எழுந்து, "என் விசுவாசம் போதவில்லை, மன்னியுங்கள்" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பவுல் தன்னை வாட்டிய பாட்டை மாம்சத்திலே ஒரு முள் என்கிறார், அது நீங்கும்படி மூன்றுதரம் வேண்டினார், நீங்கவில்லை. தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று 2 தீமோத்தேயு 4-ல் சாதாரணமாக எழுதுகிறார், யாரையும் குற்றம் சொல்லவில்லை. கெத்செமனேயில் இயேசுவே பாடுகளின் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கும்படி கேட்டார். கேட்டது கிடைக்காவிட்டால் விசுவாசம் குறைவு என்ற சூத்திரத்தை அங்கே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

மாத்திரை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெபித்தாயிற்று, இனி மருந்து சாப்பிட்டால் அவிசுவாசம் என்று நிறுத்துகிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். இன்சுலினால் உயிர் வாழ்கிறவர் அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருடம் ஆயுசைக் கூட்டுவேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார். பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியர்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறு: ஒருமுறை கேட்டுவிட்டேன், மறுபடி கேட்டால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். இந்தப் போதனை கொஞ்ச காலமாகப் பரவுகிறது. ஏற்காட்டில் மார்ச் மாதம் ஒரு காப்பித் தோட்டத்தில் நின்று பார்த்தால் இது எவ்வளவு பொருந்தாத பேச்சு என்று புரியும். காப்பிச் செடியில் மொட்டுகள் கட்டி, விரியாமல், அப்படியே நிற்கும். ஒரு நல்ல மழை விழ வேண்டும். விழுந்தால் ஒன்பது பத்து நாளில் கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை போல வாசம். விழாவிட்டால் அந்த வருடக் காய்ப்பே அடிபடும். ஆகவே மலையில் அந்த மாதங்களில் மழைக்காக ஜெபிப்பது சடங்கு அல்ல, வயிற்றுப்பாடு.

மழை ஜெபத்துக்குக் குடையோடு வந்த சிறுமியின் கதையைப் பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது. அந்தக் கதை விசுவாசத்தை வானிலை ஊகமாக்கிவிடுகிறது. தீர்க்கதரிசி எலியா குடை எடுத்துப் போகவில்லை. மழையைக் கட்டளையிடுவேன் என்று கர்த்தர் முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் அவர் கர்மேலின் மேல் ஏறி, முகம் முழங்காலில் பட, தரையில் பணிந்து கேட்டார். ஊழியக்காரனை ஏழு தரம் அனுப்பினார். ஆறுதரம் "ஒன்றும் இல்லை." ஏழாந்தரம் உள்ளங்கையளவு மேகம். வாக்குத்தத்தம் கையில் இருந்ததால்தான் மறுபடி மறுபடி கேட்கும் தைரியம் அவருக்கு வந்தது. ஏழாந்தரமும் "போய்ப் பார்" என்று சொல்ல முடிந்ததே விசுவாசம்.

ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றில் மேஸ்திரியாக இருந்த பெரியவர் ஒருவர், ஜெபம் முடிந்ததும் வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்ப்பார். "பார்க்காதீர்கள் ஐயா, விசுவாசியுங்கள்" என்றான் ஊழியத்துக்குப் புதிதாக வந்த ஒரு பையன். "பார்த்துவிட்டு வரத்தானே தம்பி எலியாவும் ஆள் அனுப்பினார்" என்றார் அவர்.

பேரம் பேசுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினால் சபைக்கு ஸ்பீக்கர் என்பது பொருத்தனை அல்ல, கொள்முதல். (ஸ்பீக்கர் ஏற்கெனவே போதும் போதும் என்ற அளவுக்கு இருக்கிறது. கர்மேலில் காலை முதல் மத்தியானம் வரை கத்தினவர்கள் பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் ஆட்கள்.)

புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் அப்படித்தான், கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டியது. எரேமியா 29:11 பல வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது: நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவைகளே. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. முந்தைய வசனத்தில் 70 வருடம் என்று இருக்கிறது. 10-ம் வசனத்தைச் சட்டம் போட்டு மாட்டிய வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

கடைசியாக ஒன்று. பயத்தையும் கோபத்தையும் மறைத்துவிட்டு ஸ்தோத்திரம் மட்டும் சொன்னால்தான் விசுவாச ஜெபம் என்று பழகிவிட்டோம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட வெளிச்சம் வரவில்லை. அதையும் ஜெபம் என்றுதான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அக்கா மறுபடி வாய்திறந்தது அந்த 88-ம் சங்கீதத்தை வாசித்துத்தான். நம்பாதவன் கடவுளிடம் சண்டைக்குப் போக மாட்டான். ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால்தானே கதவைத் தட்டிச் சண்டை போடுவோம்.

பட்டறைக்காரர் அடுத்த வாரமும் வந்தார், மனைவியையும் கூட்டிக்கொண்டு. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தாயிற்று, திங்கட்கிழமை காலை. அவரையே ஜெபிக்கச் சொன்னோம். முழங்காலில் நின்று, "ஆண்டவரே, பயமாக இருக்கிறது" என்றார். அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் மனைவிதான் ஆமென் சொன்னார்.