பவளத்துக்கு எந்த லைட்?

களியக்காவிளையில் இருக்கும் எங்களுக்கு மீன்தொட்டிச் சாமான் வாங்கத் திருவனந்தபுரம்தான் வசதி. அங்கே கடையில் பச்சையும் ஆரஞ்சுமாக ஜொலித்த சோவாந்தஸ் என்ற பவள இனம், வீட்டுத் தொட்டிக்கு வந்ததும் பழுப்பாகிவிட்டது. (கல்பவளம் நான் வைப்பதில்லை, அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது.)

தண்ணீரில் குறையில்லை. தொட்டியோடு வந்த லைட் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை. நன்னீர்ச் செடிகளுக்கு அது அருமை. ஆனால் பவள இனங்களின் உடலில் ஒளிரும் புரதங்கள் உண்டு. அவை 450 நானோமீட்டர் வாக்கிலான நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ திருப்பி விடும். வெள்ளை தூக்கலாக இருந்தால் அந்த மினுக்கம் அமுங்கிவிடும். உள்ளே குடியிருக்கும் பாசியின் பழுப்புதான் கண்ணில் படும்.

புது லைட் வாங்கப் போனால், கடைக்காரர் வாட்ஸையே சொல்லிக்கொண்டிருந்தார். "வாட்ஸ் இருக்கட்டும் சேட்டா, நீலத்தை மட்டும் கூட்டிக் குறைக்கத் தனி சேனல் உண்டா?" என்று கேட்டேன். இருந்தது. ராயல் ப்ளூவைத் தூக்கலாகவும் வெள்ளையைக் கொஞ்சமாகவும் வைத்தேன்.

ஆனால் எடுத்த எடுப்பில் முழு வெளிச்சம் கூடாது. திடீரென்று கூட்டினால் பாசி வெளியேறி, உடல் வெளுத்துவிடும். குறைவாகத் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றினேன். காளான் பவளத்துக்கு வெளிச்சம் கம்மி போதும், அது அடியில். நிறம் திரும்பியது.

முழு நீலத்தில் மீன்கள் எனக்குச் சகிக்காது. விருந்தாளி வந்தால் மட்டும், பவளத்தின் மினுக்கத்தைக் காட்ட வெள்ளையை அணைப்பேன்.