கிண்டிலை டெர்மினல் ஆக்குவது எப்படி? அதோடு, சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவியை எங்கே வைப்பது?

வீட்டு சர்வரில் ராத்திரி ஓடும் பேக்கப்பை ஓரக்கண்ணால் கவனிக்க, ஓரங்கட்டிய பழைய கிண்டில் பேப்பர்வைட் தாராளமாகப் போதும். இ-இங்க் திரை கண்ணைக் கூசாது. ஆனால் அதில் டைப் அடிக்க ஆசைப்படாதீர்கள். பார்க்க மட்டும்தான் அது லாயக்கு.

ஜெயில்பிரேக் (அமேசானின் பூட்டை உடைப்பது) முடித்து, கேயுஏஎல் மெனு (வெளிச் செயலிகளைத் திறக்கும் பட்டியல்) வரை வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்குமேல் தேவை இரண்டு: கேடெர்ம் (கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் செயலி), யுஎஸ்பிநெட்வொர்க். இரண்டாவதில், வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் கிளையன்ட்டும் சேர்ந்தே வரும்.

முதலில் சர்வர் பக்கம். கிண்டிலுக்கென்று தனி யூசர் ஒன்று போடுங்கள், சுடோ (நிர்வாகி) உரிமை கொடுக்காதீர்கள். அந்த யூசரில் டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் டெர்மினலைச் சர்வரில் ஓடவிடும் நிரல்) செஷன் ஒன்றைத் திறந்து, அதில் பேக்கப்பின் லாகை (பதிவுக் குறிப்பை) ஓடவிடுங்கள். டிமக்ஸின் அடிப்பட்டையை அணைத்துவிடுங்கள்; அதில் உள்ள கடிகாரம் மாறும்போதெல்லாம் திரை மினுக்கும். எச்டாப் மாதிரி நொடிக்கு நொடி திரையை மாற்றி வரையும் நிரல்களும் இங்கே சரிப்படாது.

அடுத்தது சாவி. கணினியில் புது எஸ்எஸ்எச் சாவி ஒன்றை (இடி25519 வகை) உருவாக்கி, யுஎஸ்பி வழியாகக் கிண்டிலுக்கு அனுப்புங்கள். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். யுஎஸ்பியில் தெரியும் கிண்டிலின் சேமிப்புப் பகுதி ஃபேட் வகை. அதில் கோப்பு உரிமை என்ற ஒன்றே கிடையாது. உரிமையாளருக்கு மட்டும் திறந்துவைக்கும் சிஎச்மோட் 600 கட்டளையைக் கொடுத்தால் பிழை எதுவும் வராது, ஆனால் உரிமையும் மாறியிருக்காது. எஸ்எஸ்எச் வந்து, “சாவி எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது” என்று கத்திவிட்டு அதைத் தொடவே மறுக்கும். எரிச்சலில் அந்தச் சோதனையைத் தவிர்க்கக் குறுக்குவழி தேடாதீர்கள், அது சொல்வது நியாயம்தான். கிண்டிலைக் கேபிளில் செருகும் யாரும் அந்தச் சாவியை நகல் எடுத்துவிடலாம்.

தீர்வு, கேடெர்மைத் திறந்து சாவியை வார் லோக்கல் (/var/local) அடைவுக்கு நகர்த்துவது. அது இஎக்ஸ்டி வகைப் பகுதி, யுஎஸ்பியில் தெரியாது, சிஎச்மோடும் அங்கே வேலை செய்யும். கணினியில் இருக்கும் நகலை அழித்துவிடுங்கள். நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் (அறிந்த சர்வர்களின் அடையாளப் பட்டியல்) அங்கேயே வைக்கும்படி எஸ்எஸ்எச்சிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ரீபூட்டுக்குப் பிறகு சர்வரின் கைரேகை (அடையாளக் குறி) சரியா என்று மறுபடி கேட்கும். நாளடைவில் படிக்காமலே ‘யெஸ்’ தட்டும் பழக்கம் வந்துவிடும்.

அந்தத் திரைக் கீபோர்டில், சாவியைப் பூட்டும் பாஸ்ஃபிரேஸை அடிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அதனால் சாவியின் அதிகாரத்தைச் சர்வரிலேயே வெட்டிவிடுவது நல்லது. ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் (சர்வர் அனுமதிக்கும் சாவிகளின் பட்டியல்) அந்தச் சாவியின் பொதுப் பாதி இருக்கும் வரிக்கு முன்னால் ரெஸ்ட்ரிக்ட் (கூடுதல் வசதிகளை மூடும்), பிடிஒய் (டெர்மினலை மட்டும் திரும்பத் தரும்) இரண்டையும் போடுங்கள். ஃப்ரம் என்பதில் வீட்டு நெட்வொர்க் முகவரியைக் கொடுங்கள். கமாண்ட் என்பதில், டிமக்ஸ் செஷனை மைனஸ் ஆர் கொடுத்து, வாசிக்க மட்டும் இணைக்கும் கட்டளையை எழுதுங்கள். ரெஸ்ட்ரிக்ட் வேலை செய்ய சர்வரில் ஓப்பன்எஸ்எஸ்எச் 7.2 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். கிண்டில் தொலைந்தால் அந்த ஒரு வரியை அழித்தால் போதும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? ஜெயில்பிரேக் போகாமலிருக்க அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பீர்கள். 2021-இல் செக் பாயின்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், விஷமமான ஒரு மின்னூலைத் திறந்தாலே கிண்டிலின் முழுக் கட்டுப்பாடும் பறிபோகும் என்று காட்டியது. அமேசான் அதை 5.13.5 ஃபர்ம்வேரில் (கருவியின் உள் மென்பொருள்) அடைத்தது. அதைவிடப் பழைய ஃபர்ம்வேரில் நிற்கும் கருவிக்கு அந்த ஓட்டை இன்றும் திறந்தேதான் இருக்கிறது. எங்கிருந்தோ இறக்கிய இலவச நூலும் உங்கள் சாவியும் ஒரே கருவியில் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நமக்கு வேண்டியது கிளையன்ட் மட்டுமே, வெளியிலிருந்து கிண்டிலுக்குள் நுழைய விடும் எஸ்எஸ்எச் சர்வர் வேண்டாம். யுஎஸ்பிநெட்வொர்க்கில் வைஃபை வழி நுழைவு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கேஓரீடர் (மின்னூல் வாசிப்புச் செயலி) வைத்திருந்தால் அதன் எஸ்எஸ்எச் சர்வர் 2222 போர்ட்டில் திறக்கும். ‘பாஸ்வேர்ட் இல்லாமல் நுழைய’ என்ற தேர்வும் அதில் உண்டு, ஆபத்து என்று அவர்களே பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அதை டிக் செய்துவிட்டுக் கடையின் இலவச வைஃபையில் இணைந்தால், பக்கத்து மேசைக்காரர் ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) உள்ளே வரலாம்.

பிற்சேர்க்கை: திரை உறங்கியதும் இணைப்பு அறுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். வைஃபை உறங்குவதுதான் காரணம். செஷன் சர்வரில் அப்படியே இருக்கும், மறுபடி இணைத்தால் போதும்.

பூக்ஸ் இ-இங்க் கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. அது ஆண்ட்ராய்டு, எஃப்-ட்ராய்டு செயலிக் களஞ்சியத்திலிருந்து டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலியை நிறுவுங்கள். சாவியை டெர்மக்ஸின் ஹோம் அடைவிலேயே வையுங்கள், டவுன்லோட்ஸில் வேண்டாம். சர்வர் பக்கக் கட்டுப்பாடுகள் அப்படியே பொருந்தும்.