மரத்தடியில முளைச்ச செம்பனைக் கன்ன நடலாமா? ஜீன் கணக்கு போட்டுப் பாருங்க

ரெண்டு மூணு ஏக்கர் வச்சிருக்கிற நம்மாளுங்க நெறைய பேரு, நல்லா காய்க்கிற செம்பனை (எண்ணெய்ப் பனை) மரமா பாத்து அதுக்கடியில தானா முளைச்ச கன்ன புடுங்கி நட்டுடுறாங்க, காசு மிச்சம்னு. நட்டா என்ன ஆகும்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கலாம்.

முதல்ல ஒரு பழத்த பாராங் கத்தியால குறுக்க வெட்டுங்க, கொட்டை வழுக்கும், விரல் பத்திரம். ஆரஞ்சு சதை, அடுத்து ஓடு, நடுவுல வெள்ளைப் பருப்பு. ஓடு தடியா இருந்து அதச் சுத்தி நார் வளையம் இல்லன்னா அது டூரா ரகம். ஓடு மெலிசா, அத ஒட்டி கறுப்பு புள்ளி புள்ளியா நார் வளையம் தெரிஞ்சா தெனெரா, சதை அதிகம், எண்ணெய் டூராவ விட சுமாரா 30 சதவீதம் கூட. ஓடே இல்லாதது பிசிபெரா, அது பழுத்துப் பாக்குறதே அபூர்வம், குலை பெரும்பாலும் பிஞ்சுலயே அழுகிடும்.

ஓட்டுக்கு ஒவ்வொரு மரத்துலயும் ரெண்டு ஜீன், தாய் ஒன்னு தகப்பன் ஒன்னு குடுத்தது. தடி ஓட்டுக்கு 'த', ஓடில்லாததுக்கு 'இ'ன்னு வச்சுக்குங்க. டூரா தத, பிசிபெரா இஇ, ரெண்டும் கலந்த தஇதான் தெனெரா. 1917ல மலாயாவுல (இப்ப மலேசியா) தென்னமரம் எஸ்டேட்ல வியாபாரத்துக்கு நட்ட காலத்துல எல்லாம் டூராதான், இந்தக் கணக்கு 1941லதான் ஆப்பிரிக்காவுல இருக்கிற பெல்ஜியன் காங்கோல இருந்து வெளிய வந்துச்சு.

இப்ப ஒரு கட்டம் போட்டு நாலா பிரிங்க. மேல தாயோட ரெண்டு எழுத்து, பக்கத்துல தகப்பனோடது, சேத்து எழுதுங்க. தத, இஇ சேந்தா நாலு கட்டத்துலயும் தஇ, அதான் நர்சரியில டூராவையும் பிசிபெராவையும் சேத்து விதை எடுக்குறாங்க. உங்க மரம் தஇ, மகரந்தம் குடுத்த பக்கத்து மரமும் தஇன்னா? தத ஒன்னு, தஇ ரெண்டு, இஇ ஒன்னு. பாதிக் கன்னு வேஸ்ட், அதுவும் நட்டு ரெண்டரை மூணு வருஷம் உரம் போட்டப்புறம்தான் தெரியும்! நாலு நட்டா சரியா இப்படியே வரும்னு இல்ல, நூறு நட்டா ஏறக்குறைய வரும்.

நெறைய பேரு ஏமாறுறது எங்கன்னா, ஓடு தாய் மரத்தோட பாகம். அதனால ஒரு குலையில எல்லாப் பழமும் ஒரே ரகமாத்தான் இருக்கும், உள்ள இருக்கிற விதை என்ன ரகம்னு ஓட்டப் பாத்து சொல்லவே முடியாது. 2013ல எம்பிஓபி (மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம்) ஆளுங்க இந்த ஓட்டு ஜீனையே கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க, அதுக்கப்புறம் கன்னா இருக்கும்போதே இலைய வச்சு டெஸ்ட் பண்ண வழி வந்துடுச்சு. நம்மளுக்கு அவ்வளவு தூரம் வேணாம், எம்பிஓபி லைசென்ஸ் உள்ள நர்சரியில வாங்கி ரசீத பத்திரமா வைங்க.