மனோசிலையை இருட்டில் வையுங்கள்

எங்கள் கல்லூரியின் நிலவியல் துறையில் கனிமப் பீரோவின் சாவி பன்னிரண்டு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பீரோவில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கல்லை நானே இழந்தேன். சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ஷிமன் சுரங்கத்தில் எடுத்த மனோசிலை அது; ஆங்கிலத்தில் ரியல்கர் என்பார்கள், ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த சிவப்புக் கனிமம். வெள்ளைக் கால்சைட்டின் மேல் கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு சிவப்புப் படிகம், மாதுளை முத்துக்குள் வெளிச்சம் நிற்பது போல இருக்கும். மாணவர்கள் பார்க்கட்டும் என்று ஜன்னலோரக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன். கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், படிகத்தின் விளிம்புகள் மழுங்கி, கால்சைட் முழுக்க மஞ்சள் பொடி உதிர்ந்து கிடந்தது. உங்களிடம் ஒரு மனோசிலை இருந்தால் அதற்கு அந்த கதி வரக்கூடாது.

முதலில் கல் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மனோசிலையையும் இங்குலிகத்தையும் நிறம் பார்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. கையில் எடுத்தாலே பாதி தெரிந்துவிடும்: இங்குலிகம் பாதரசக் கனிமம், அடர்த்தி 8-ஐத் தாண்டும்; மனோசிலைக்குச் சுமார் 3.5 தான். சந்தேகம் தீராவிட்டால் உதிர்ந்த துணுக்கு ஒன்றை மட்டும் மெருகில்லாத பீங்கான் ஓட்டில் உரசுங்கள். மனோசிலை ஆரஞ்சுக் கோடு போடும், இங்குலிகம் குங்குமச் சிவப்பு, ஆர்சனிக்கின் இன்னொரு கனிமமான அரிதாரம் எலுமிச்சை மஞ்சள். அரிதாரம் ஏடு ஏடாகப் பிரியும், முத்து போல மினுங்கும். கூத்துக்காரர்கள் முகத்தில் பூசுவதற்கு அரிதாரம் என்ற பெயர் வந்ததே இந்த மஞ்சள் கல்லால்தான்.

இனி வெளிச்சம். மனோசிலையின் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு ஆர்சனிக், நான்கு கந்தக அணுக்கள் சேர்ந்த ஒரு சின்னக் கூண்டு. பச்சையிலிருந்து சிவப்பு வரையிலான ஒளி, சுமார் 500 முதல் 670 நானோமீட்டர், பட்டால் கூண்டுக்குள் இணைப்புகள் இடம் மாறுகின்றன. அணுக்களின் கணக்கு அப்படியே இருக்கும், கூண்டின் வடிவம் வேறாகிவிடும். அப்படி உருவாகும் மஞ்சள் கனிமத்துக்குப் பாராரியல்கர் என்று பெயர். அது கொஞ்சம் கூடுதல் இடம் பிடிப்பதால் படிகம் உள்ளிருந்தே விரிசல் விட்டுப் பொடியாகிறது. ரொம்ப காலம் இந்தப் பொடியை அரிதாரம் என்றே நினைத்தார்கள். 1980-இல்தான் தனிக் கனிமமாக விவரித்தார்கள். 2024-இல் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தில் தங்க ஜரிகை தீட்டிய இடத்திலும் பாராரியல்கர் இருப்பதைக் கண்டார்கள்.

சூடு பற்றி மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். சுமார் 250 டிகிரி செல்சியஸ் தாண்டும்போது மனோசிலை வேறொரு படிக வடிவத்துக்கு மாறுகிறது, 300-ஐத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏறினால் உருகுகிறது. எனக்கு வியப்பு எதில் என்றால், அந்தச் சூட்டில்கூடக் கூண்டு கலைவதில்லை. அதே லட்டுகளை வேறு மாதிரி அடுக்கியது போல அடுக்குதான் மாறுகிறது. அவ்வளவு சூடு செய்யாததை ஜன்னல் வெளிச்சம் செய்துவிடுகிறது! ஆனால் இதை நீங்கள் சூடாக்கிப் பார்க்கவே கூடாது. காற்றில் எரிந்தால் வெள்ளைப் பாடாணப் புகை வரும். பழைய பாடப்புத்தகங்கள் பூண்டு வாசனையை அடையாளமாகச் சொல்லும். அந்த வாசனை உங்களுக்குத் தெரிந்தால் புகை ஏற்கெனவே மூக்கில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

சரி, வைப்பது எப்படி? மூடி இறுக்கமான டப்பா, உள்ளே மென்மையான வெள்ளைத் தாள், மேலே ஒளி புகாத கறுப்புத் துணிப் பை. டப்பா மேல் பெயரும் வந்த இடமும் எழுதி, ‘ஆர்சனிக், வெளிச்சம் கூடாது’ என்று பெரிதாக ஒட்டுங்கள். பீரோவின் அடித்தட்டு நல்லது, கீழே விழுந்து உடைய வழியில்லை. குழந்தைகள் கைக்கு எட்டும் இடமாக இருந்தால் பூட்டு கட்டாயம். தொடும்போது கையுறை போடுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அறுக்கவோ தேய்க்கவோ மெருகேற்றவோ வேண்டாம்.

படம் எடுக்க ஆசையாக இருக்கும். நான் செய்வது இது: அதே அளவுள்ள செங்கல் துண்டை மேசையில் வைத்து விளக்கு, கோணம், ஃபோகஸ் எல்லாம் சரிசெய்வேன். அப்புறம்தான் பையைத் திறந்து மனோசிலையை வைப்பேன். நான்கைந்து படம், இரண்டு நிமிடம், திரும்பப் பைக்குள். வகுப்பில் காட்டுவதும் இப்படித்தான், மேசையைச் சுற்றி எல்லோரும் வந்து நின்ற பிறகே பை திறக்கும்.

மஞ்சள் பொடி ஏற்கெனவே உதிர்ந்திருந்தால் ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள், பொடி காற்றில் பறக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். பஞ்சை மூடியுள்ள பாட்டிலில் போட்டு, ஆய்வகத்தின் நச்சுக் கழிவோடு ஒப்படையுங்கள். சாக்கடையிலோ குப்பைத் தொட்டியிலோ வேண்டாம்.

ஷிமன் கல்லில் மிஞ்சிய அடிப்பகுதி இப்போது கறுப்புப் பைக்குள் இருக்கிறது. ஒரு ஓரத்தில், அரிசி அளவுக்கு, இன்னும் சிவப்பு இருக்கிறது.